அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில்

1

பெர்த்திலிருந்து தெற்கே போகும் பெருவழிச் சாலையில் நேற்று என் மகள் ஷிஃபாவின் வண்டியை நான் ஓட்டிக்கொண்டு போனேன். நம் ஊரில் பிக்கப் என்று சொல்வதை இந்த ஆஸ்திரேலியர்கள் யூட் என்பார்கள். முன்னால் உட்கார இடம், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. வண்டி எண்பதைத் தொட்டு, தொண்ணூறைத் தாண்டி, நூறில் நிலையாகப் போனது. துளி ஆட்டம் இல்லை. ஆனாலும் என் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இருந்தவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"ம்மா, ரிலாக்ஸ். அதுதான் சரி பண்ணியாச்சே."

சரி பண்ணியாகிவிட்டது என்று எனக்குத் தெரியாதா? பண்ணும்போது கூடவே நின்றவள் நான். இருந்தாலும், திண்டுக்கல் போய்த் திரும்பியதிலிருந்து வெறும் தொட்டியோடு போகிற எந்த வண்டியைப் பார்த்தாலும் என் கண் அதன் பின் சக்கரங்களுக்குத்தான் போகிறது. இங்கே இருப்பவர்களிடம் இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்டார்கள். அதோடு விட்டுவிட்டேன். ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொன்னால் புரியும்.

நான் திண்டுக்கல் பேகம்பூரில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்து இருபத்தைந்து வருஷத்தை நெருங்குகிறது. முதியோர் இல்லம் ஒன்றுக்குச் சின்னப் பேருந்து ஓட்டுகிறேன். மருத்துவமனை, நூலகம், மீன் கடை என்று அவர்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது வேலை. என் வண்டியில் வரும் பெரியவர்களுக்குக் கை நடுங்கினாலும் பஸ்தான் நடுங்குகிறது என்று என்மேல் பழி போடுவார்கள். அதனால் எந்த ஆட்டம் வண்டியுடையது, எந்த ஆட்டம் ஆளுடையது என்று பிரித்துப் பார்க்க எனக்கு நன்றாகவே பழகிவிட்டது.

2

ஷிஃபாவின் யூட் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். அது இல்லாமல் ஊர்க் கதை விளங்காது.

அவளுக்கு இருபத்தோரு வயது. கல்லூரிக்குப் போ என்றேன். தச்சு வேலை பழகப் போனாள். வீடு கட்டும் இடங்களில் கூரைச் சட்டம் அடிக்கிறாள். வார இறுதிகளில் கடற்கரையில் வண்டிக்குள்ளேயே தூங்குகிறாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். ஆங்கிலத்தில் கேட்டால் அதுவும் வராது. அவள் சம்பாதித்து வாங்கிய முதல் பொருள் அந்த யூட். வாங்கிய கையோடு பின்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டாள். மணலில் போவதற்கு வசதி, பார்க்கவும் கெத்து என்றாள். அடுத்த வாரமே வண்டி ஆட ஆரம்பித்தது.

எப்போதும் ஆடாது. எண்பது வரைக்கும் சமர்த்தாகப் போகும். எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவில் பின்னாலிருந்து ஒரு அதிர்வு கிளம்பி முதுகெலும்பில் ஏறும். தொண்ணூறைத் தாண்டினால் அடங்கிவிடும். சக்கரங்களை பேலன்ஸ் பண்ணினாள், டயரை மாற்றினாள், ஒன்றும் ஆகவில்லை. அதற்குள் சாலையில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, உயரத்தை அளந்து பார்த்து, முன் கண்ணாடியில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். அது ஒட்டிய வண்டியைக் குறித்த நாளுக்குள் சரிபார்த்துக் காட்டாவிட்டால் ரோட்டில் எடுக்கக் கூடாது.

பிறகு நாங்கள் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! அலுவலகத்தில் போய் நின்றால் பொறியாளர் கடிதம் எங்கே என்றார்கள். பொறியாளரோ பட்டறைச் சான்றிதழ் கொண்டு வா என்றார். பட்டறையில் அலுவலகத்தின் எண் இல்லாமல் சான்றிதழ் தர முடியாது என்றார்கள். கடைசியாகக் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் நான் கோபத்தில் தமிழிலேயே கத்திவிட்டேன். அவள் புன்னகையோடு, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டாள். ஷிஃபா வெட்கத்தில் வெளியே போய் நின்றுகொண்டாள். "எங்க ஊருல இம்புட்டுக் கெடுபிடி கிடையாது" என்று வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தேன். அன்றைக்கு அதைப் பெருமையாகத்தான் சொன்னேன்.

ஆட்டத்தைக் கண்டுபிடித்ததும் சரி பண்ணியதும் ஷிஃபாவேதான். பட்டறையில் சொல்லிக்கொடுத்த கேள்விகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தாள். ஆடுவது ஸ்டியரிங்கா, சீட்டா? ஸ்டியரிங் என்றால் முன் சக்கரம், சீட் என்றால் கோளாறு பின்னால். நியூட்ரலில் போட்டு உருளவிட்டால் ஆட்டம் நிற்கிறதா? நின்றால் எஞ்சின், நிற்காவிட்டால் எஞ்சின் மேல் குற்றமில்லை. சுமை ஏற்றினால் என்ன ஆகிறது? தோட்டத்துக்கு வாங்கிய கோழி எரு மூட்டைகளைத் தொட்டி நிறைய அடுக்கி ஓட்டினோம். ஆட்டம் மாயமாகிவிட்டது. நாற்றம்தான் மிச்சம்.

நான் சந்தோஷப்பட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

எஞ்சினிலிருந்து பின் அச்சுக்கு வண்டிக்கு அடியில் ஒரு நீளமான தண்டு சுழன்றுகொண்டே போகிறது. அதன் மூட்டுகளில் கிராஸ் என்று சிலுவை வடிவத்தில் ஒரு சாமான் உண்டு. பின்பக்கத்தைத் தூக்கினால் அந்த மூட்டு, மடங்கக் கூடாத கோணத்தில் மடங்கிக்கொண்டு சுற்றுகிறது. குறிப்பிட்ட வேகத்தில் அது வண்டியையே உலுக்குகிறது. சுமை ஏற்றினால் பின்பக்கம் அமுங்கிக் கோணம் நேராகிவிடும், அவ்வளவுதான். வெறுமையாக ஓட்டும்போதெல்லாம் மூட்டு தேய்ந்துகொண்டே இருக்கும். என்றைக்காவது ஒருநாள் கழன்றுவிடும். ஷிஃபா இதையெல்லாம் இரண்டு கரண்டிகளை வைத்து எனக்குச் சாப்பாட்டு மேசையில் செய்து காட்டினாள். மூன்று மாதத்தில் அவள் என்னோடு அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

3

அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அவர் இறந்த நாளில் ஓதும் வருஷ ஃபாத்திஹாவுக்காகத் திண்டுக்கல் போனேன். அத்தா கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி போடுகிறவர். அவருக்குப் பிறகு தம்பி சலீம் அந்தத் தொழிலை எடுத்து நடத்துகிறான். குறை சொல்ல முடியாது. அத்தா காலத்தில் ஒரு விசேஷத்துக்கு அண்டா அளவு தேக்சா மூன்று ஏறும். சலீம் ஐந்து தேக்சா ஏற்றுகிறான். அரிசி, விறகு, வெங்காயம், கறி, தண்ணீர் டிரம் எல்லாம் அத்தா வாங்கிய அதே பிக்கப்பில்தான் போகிறது.

ஃபாத்திஹா முடிந்த மறுநாள் செம்பட்டியில் ஒரு விசேஷ வீட்டுக்குச் சாமான்களை இறக்கப் போனான். காற்றாடப் போய்வரலாமே என்று நானும் ஏறிக்கொண்டேன். போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது வண்டி வெறுமை. அறுபதைத் தாண்டியதும் என் சீட்டுக்கு அடியில் அது ஆரம்பித்தது. அதே ஆட்டம்.

"ஏலே, என்னாடா இது?"

"ரோடு சரியில்லக்கா."

ரோடு புதிதாகப் போட்டது. வழுவழுவென்று இருந்தது. நான் ஸ்டியரிங்கில் கை வைத்துப் பார்த்தேன். அது அமைதியாக இருந்தது.

"செத்த நேரம் நியூட்டர்ல போடு."

"எதுக்கு?"

"போடுறா."

போட்டான். எஞ்சின் சத்தம் தணிந்தது. ஆட்டம் தணியவில்லை. தானாக வேகம் குறைந்து ஐம்பதுக்கு வந்தபோதுதான் நின்றது.

"லோடு இருந்தா ஆடுமா?"

"லோடு இருந்தா பஞ்சு மாதிரி போகும்க்கா. வேல இருந்தா ஒழுங்கா இருக்கும், சும்மா இருந்தாத்தான் சேட்ட பண்ணும். உன் தம்பி மாதிரி" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டு வாசலில் வண்டி நின்றதும் முக்காட்டை இறுக்கிக்கொண்டு கீழே குனிந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. பின் சக்கரங்களின் மேலே வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள் அல்லவா, சுமை தாங்க? அந்த அடுக்கில் பக்கத்துக்கு இரண்டு பட்டைகள் புதிதாக இருந்தன. கறுப்புப் பெயிண்ட் இன்னும் போகவில்லை. ஐந்து தேக்சா தாங்குவதற்காகச் சேர்த்தவை. வண்டியின் பின்பக்கம் கோழி வாலைத் தூக்கியது போல நின்றது.

தண்டின் பின் மூட்டைச் சுற்றிச் சிவப்பாக ஏதோ பொடி அப்பியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். மிக நைசான பொடி.

"செம்மண்ணுக்கா. முந்தாநேத்து சாணார்பட்டிக்கு வெறகு ஏத்தப் போனேன்ல" என்றான் சலீம்.

சாணார்பட்டிச் செம்மண் வண்டியெங்கும்தான் இருந்தது. சக்கரத்தில், மண்தடுப்பில், பம்பரில் எல்லாம் கெட்டியாக, கட்டி கட்டியாக. மூட்டில் இருந்தது மட்டும் வேறு. அதில் எண்ணெய்ப் பசையே இல்லை. வெயிலில் பிடித்தால் மினுமினுத்தது. உள்ளேயிருக்கும் இரும்பு தன்னைத்தானே அரைத்துத் துப்பிய துரு. நம் ஊர் மண் சிவப்பாக இல்லாமல் இருந்திருந்தால் அவனே அதை என்றைக்கோ பார்த்திருப்பான்.

4

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். தம்பி மனைவி, கண்ணேறுக்காகக் கண்ணாடியில் தாயத்துக் கட்டியிருப்பதாகவும், அதற்குப் பிறகு ஆட்டம் குறைந்திருப்பதாகவும் சொன்னாள். சலீம், நாலு டயரும் மாற்றியாயிற்று, இரண்டு தடவை பேலன்ஸ் பார்த்தாயிற்று என்றான்.

என் வார்த்தை எடுபடாது என்று தெரிந்ததும் ஷிஃபாவைக் காணொளியில் கூப்பிட்டேன். அவள் ஏதோ ஒரு கூரையின் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்காமலே தமிழில் பேசினாள். மாமாவுக்குப் புரிய வேண்டும் என்ற கரிசனம்தான்.

"மாமா, நீ பட்டை போட்டிருக்க. அதை எடு. ஜாயின்ட்டையும் மாத்து. அதுவரை ஓட்டாத."

சலீமின் முகம் மாறியது. 'நீங்க' என்கிற சொல் அவளுக்குப் பழக்கமே இல்லை. இங்கே பெர்த்தில் எல்லோரும் எல்லோரையும் ஒரே மாதிரிதான் கூப்பிடுவார்கள். அது அவனுக்கு எப்படித் தெரியும்? போனை வைத்ததும் என்னைப் பார்த்தான்.

"உன் மக எனக்கு ஆர்டர் போடுதா?"

"சின்னப்புள்ள, தமிழ் அம்புட்டுத்தான் வரும். அவ சொன்ன விசயத்தப் பாரு."

"நான் ஒண்ணு கேக்கவா? ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல போய் நில்லு. பட்டை போடாத வண்டி ஒண்ணே ஒண்ணு காட்டு. நான் தொழிலையே விட்டுர்றேன். ஊரே அப்படித்தான் ஓட்டுது. நீ வருசத்துக்கு ஒருக்கா வந்து, கீழ குனிஞ்சு பாத்துட்டு, எல்லாம் தப்புங்குற."

அவன் சொன்னதும் உண்மைதான். ஊரே அப்படித்தான் ஓட்டுகிறது. அந்த வண்டிகளில் பாதி ஆடிக்கொண்டுதான் போகின்றன. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் ரசத்தோடு விழுங்கினேன்.

கடைசியில் அவனே இறங்கி வந்தான். "ஞாயித்துக்கெழம கீரனூர் கல்யாணம் முடியட்டும்க்கா. சீசன்ல வேற வண்டி கெடைக்காது. திங்கக்கெழம காலைல கழட்டிப் போடுறேன். அல்லா அறியச் சொல்றேன்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? போகும்போது லோடு இருக்கும், ஆடாது. வரும்போது மெதுவாக வா என்றேன். தலையாட்டினான்.

5

கீரனூர் பழனிக்கு அந்தப் பக்கம். மணமகள் வீடு எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்பதால் நானும் போனேன். சமையலுக்கு ஆறு பெண்கள் உண்டு. வெங்காயம் உரிப்பது, அரிசி களைவது, பாத்திரம் கழுவுவது அவர்கள் வேலை. அவர்களில் மூத்தவர் மைமூனக்கா, அத்தா காலத்திலிருந்து இருப்பவர். போகும்போது வண்டியில் இடம் இருக்காது என்பதால் அவர்கள் எப்போதும் முன்கூட்டியே பஸ்ஸில் போய்விடுவார்கள்.

கல்யாணம் நிறைவாக நடந்தது. மணமகளின் அத்தா சலீமின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க பாய், அடுத்த விசேசத்துக்கும் நீங்கதானுங்க. வேற யாரையும் கூப்புட மாட்டனுங்க" என்றார். சலீமின் முகம் பூத்துவிட்டது. எனக்கும் அத்தாவை நினைத்துக் கண் கலங்கியது.

சாயங்கால வெயில் தணிந்த நேரத்தில் தேக்சாக்களைக் கழுவி ஏற்றினார்கள். அரிசி இல்லை, விறகு இல்லை, டிரம் காலி. பெண்கள் ஆறு பேரும் பையோடு வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"பஸ்ஸுக்கு நேரமாகலயாக்கா?" என்று மைமூனக்காவிடம் கேட்டேன்.

"பஸ்ஸா? அது உங்க அத்தா காலத்துல தாயி. இப்பத் தம்பி எங்க வீட்டு வாசல்லயே கொண்டாந்து எறக்கி விட்டுருது. நாள் பூரா நின்னுட்டு பஸ்ஸுலயும் நின்னுக்கிட்டுப் போறதுன்னா சும்மாவா? தங்கமான மனுசன். தொழுகைக்குத் தொழுக அதுக்குத் துஆ செய்யிறேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை நின்ற இடத்திலேயே செத்தது. பின்னால் சலீமின் குரல் கேட்டது.

"செல்வி, முன்னாடி சாயாத. பின்னாடி போ. டயருக்கு மேல உக்காரு. தேக்சா பக்கம் யாரும் வராதீங்க, எல்லாரும் கடைசிக்குப் போங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். காலித் தேக்சாக்கள் முன்னால் கட்டப்பட்டிருந்தன. பின் அச்சுக்கு நேர் மேலே அவன் பெண்களை நெருக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தான். என் கண்ணுக்குக் கோழி எரு மூட்டைகள் தெரிந்தன.

அவனை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போனேன்.

"எதுக்குடா இவங்கள ஏத்துற?"

"பாவம்ல, அலுத்துப்போய்..."

"சலீமு."

அவன் தரையைப் பார்த்தான். "வெறும் வண்டியா போனா ஆடுதுக்கா. இவங்க உக்காந்தா ஆட மாட்டேங்குது. அவங்களுக்கும் வசதி, எனக்கும் வசதி. யாருக்கு என்ன நட்டம்?"

"எத்தன நாளா?"

"பொங்கலுக்கு முன்னாடி இருந்து."

கழன்றுபோகப் போகிற மூட்டுக்கு நேர் மேலே, ஆட்டம் தெரியக் கூடாது என்பதற்காக ஆறு உயிர்களை உட்காரவைத்திருக்கிறான். கெட்டவனாக இருந்தால் அடித்திருப்பேன். இவன் கெட்டவன் இல்லை. வெயில் காலத்தில் அவர்களுக்கு மோர் வாங்கிக் கொடுக்காமல் தான் குடிக்க மாட்டான்.

"எறக்கி விடு."

"அக்கா, மண்டபத்து ஆளுக எல்லாம் பாக்குறாக. சும்மா இரு."

"நீ எறக்குறியா, நான் எறக்கவா?"

நான் வண்டிக்குப் பக்கத்தில் போனேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "எல்லாரும் எறங்குங்க. வெறும் வண்டி ஆடுதுன்னு, பாரத்துக்கு உங்கள உக்கார வச்சிருக்கான். அடியில சாமான் தேஞ்சு கெடக்கு. எப்ப வேணாலும் கழண்டுரும்."

யாரும் அசையவில்லை. மைமூனக்கா என்னைத் தாண்டிச் சலீமைப் பார்த்தார்.

"அப்படியா தம்பி?"

சலீம் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

செல்விதான் முதலில் குதித்தாள். "நாங்க என்ன மணல் மூட்டையா பாய்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இறங்கினார்கள். மைமூனக்கா இறங்கி, சேலையைத் தட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. மணமகளின் அத்தா மண்டப வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

6

வண்டியை இங்கேயே விட்டுவிட்டு நாமும் பஸ்ஸில் போகலாம் என்று கெஞ்சினேன். காலையில் கழற்றிப் போட வண்டி ஊரில் இருக்க வேண்டும் என்று சாவியைத் திருகினான். அவனைத் தனியாக விட மனசு வரவில்லை. நான் பக்கத்தில் இருந்தால் மெதுவாகவாவது போவான் என்று ஏறி உட்கார்ந்தேன்.

பழனி தாண்டினோம். ஐம்பதிலேயே போனான். ஒவ்வொரு லாரியும் ஹாரன் அடித்து எங்களைத் தாண்டிப் போனது. ஒட்டன்சத்திரம் தாண்டியதும் வாயைத் திறந்தான்.

"ஊருக்கு முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்ட."

"ஆமா."

"இனி அந்த மைமூனக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? சின்ன வயசுல எனக்குச் சோறு ஊட்டுன கை. நீ பிளேன் ஏறிப் போயிருவ. நான்தான் இங்க கெடக்கணும்."

"உசுரோட இருந்தா முழிச்சுக்கலாம்டா."

"உசுரு, உசுருன்னு... எனக்கு அக்கறை இல்லங்குறியா?"

பேசப் பேச அவன் கால் அழுந்தியது. அவனுக்கே தெரியாமல்தான் அழுந்தியது என்று இன்றைக்கும் நம்புகிறேன். முள் அறுபதைத் தொட்டது. என் சீட்டுக்கு அடியில் அது எழுந்தது. செம்பட்டி ரோட்டில் கண்டது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. கண்ணாடியில் கட்டியிருந்த தாயத்துத் துள்ளியது. பின்னால் தேக்சாக்கள் ஒன்றோடொன்று இடித்துக் கூச்சல் போட்டன.

"சலீமு, கொற!"

"எழுபதத் தாண்டுனா நின்னுரும்!"

அதுவும் உண்மைதான், அவன் அனுபவத்தில். மூட்டு முழுசாக இருந்தவரைக்கும் உண்மை.

அறுபத்தைந்துக்கு மேல் முள் போகவில்லை. முதலில் டக் டக் என்று ஒரு சத்தம். அடுத்து வண்டியின் வயிற்றில் யாரோ கடப்பாரையால் ஓங்கிக் குத்தியது போல ஒரு அடி. பின்னாலேயே இன்னொன்று, இன்னொன்று. எஞ்சின் வெறிபிடித்துக் கத்தியது, வண்டிக்கு இழுவை இல்லை. சலீம் பிரேக்கை மிதித்தான். பெடல் பாதிக்கு மேல் சும்மா கீழே போனது. அவன் "யா அல்லா" என்றான். நான் கலிமா சொன்னேன் என்று நினைக்கிறேன், சரியாக ஞாபகம் இல்லை. அவன் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்து, கியரைக் குறைக்கப் பார்த்து, அது கேட்காமல், கைப் பிரேக்கை இழுத்து, எதிரே வந்த பஸ்ஸுக்கு வழி விட்டு ஓரத்து மண்ணில் இறக்கினான். தடதடவென்று உருண்டு ஒரு மைல்கல்லுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது.

எஞ்சினை அணைத்துவிட்டு அவன் என் தலையைத் தொட்டுப் பார்த்தான். நான் அவன் தோளைத் தொட்டுப் பார்த்தேன். இறங்கினோம்.

தண்டின் பின்முனை கழன்று தரையில் கிடந்தது. சுழன்ற வேகத்தில் அது அடியில் இருந்ததையெல்லாம் அடித்து நொறுக்கியிருந்தது. பிரேக் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. சலீம் பின்பக்கக் கதவைத் திறந்தான். தொட்டியின் தரைத் தகரம் மேல்நோக்கிப் புடைத்து, நடுவில் கிழிந்து, விளிம்புகள் கத்தியாக நின்றன. இரண்டு பின் சக்கரங்களுக்கு நடுவில். செல்வி குதித்து இறங்கிய இடம். மைமூனக்கா காலை நீட்டி உட்காரும் இடம்.

சலீம் அந்தக் கிழிசலைப் பார்த்தபடியே சட்டைப் பையைத் தடவிப் போனை எடுத்தான். இரண்டு தடவை தப்பாக அழுத்தினான். மூன்றாவது தடவை மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான். பஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவில் மைமூனக்காவின் குரல் கேட்டது.

"சொல்லு தம்பி."

"பஸ்ஸுலதான இருக்கீக?"

"ஆமா. பழனியில மாறி ஏறிட்டோம்."

"எல்லாரும் இருக்கீகளா?"

"எல்லாருந்தான். என்னப்பா?"

"ஒவ்வொருத்தரா பேசச் சொல்லுங்க."

"என்னது?"

"ஒவ்வொருத்தரா பேரு சொல்லிப் பேசச் சொல்லுங்கக்கா. எனக்குக் கேக்கணும்."

அந்தப் பக்கம் குசுகுசுப்பு. போன் கை மாறியது. "செல்வி பேசுறேன். என்ன பாய், எதையும் மறந்து வச்சுட்டமா?" "பஞ்சவர்ணம்." "ஜெயா பேசுறேன் பாய்." "பாத்திமா இருக்கேன், ரோஸ்லின் தூங்கிட்டா." "எழுப்புங்க" என்று சலீம் கத்தினான். தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல், "பாய், ரோஸ்லின்" என்றது. யாரோ சிரித்தார்கள். ஒவ்வொரு பேருக்கும் சலீம் கண்ணை மூடித் திறந்தான்.

போன் மறுபடி மைமூனக்காவின் கைக்கு வந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, நாங்க கோவிச்சுக்கிட்டு வந்துட்டோம்னு மனசுல வச்சுக்காத. ஆத்திரத்துல எறங்கிட்டோம். வெறும் வண்டிய ஒத்தையில ஓட்டிக்கிட்டு வராதப்பா, ஆடும். எங்க நிக்கிறன்னு சொல்லு. பஸ்ஸு அந்த வழியாத்தான வருது. நாங்க எறங்கி வந்து உக்காந்துக்கிறோம்."

சலீம் போனை என் கையில் திணித்துவிட்டு, தொட்டியின் விளிம்பில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு அழுதான்.

"எறங்காதீங்கக்கா" என்றேன் நான். "பஸ்ஸுலயே வீட்டுக்குப் போங்க."